வெற்றுக் குப்பி

ஆயிரத்து நானூறு மீட்டர் ஆழத்துச் சேறு
எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் மூன்று நாள் இருந்தது,
கெம்போங் மீனுக்கும் மீந்துபோன சம்பலுக்கும் நடுவே.
பல்கலைக்கழகத்தில் உறைபெட்டி பழுது.
'தொடாதே' என்று எழுதி ஒட்டினேன்.
யாரும் தொடவில்லை, நாற்றம் அப்படி.
சபாவுக்கு வடக்கே கப்பலில் அந்த உருளையைப் பிளந்தபோதே
சமையல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

எனக்குப் புதிதில்லை.
ஊத்தான் மெலிந்தாங்கில் பிறந்தவள்.
காற்று திரும்பினால் சோற்றுத் தட்டிலும் ஆலைக்குளம் வந்து உட்காரும்.

ஆலைக்குப் பின்னால் நாலாம் குளம்.
செம்பனைக் குலையை அவித்து வடித்த பழுப்புநீர்
அங்கே கிடந்து
எதையோ சொல்ல வந்து மறந்தவன்போல்
ஒவ்வொரு குமிழாக விடும்.
இப்போது கறுப்புப் பாய் போர்த்தியிருக்கிறார்கள்.
பாய் வீங்கினால் லோகா வால்வைத் திறப்பான்,
எஞ்சின் உறுமும், கோயில் முச்சந்தி வரை விளக்கு எரியும்.

அவனிடம் சொன்னேன்:
இந்தக் குளத்தில் மீத்தேன் ஊதுகிறதே ஒரு கூட்டம்,
அதற்குக் கடலடியில் உறவு உண்டு.
இங்கே ஊதுவதை அங்கே தின்னும்.
"ஒருத்தன் சேர்த்தத இன்னொருத்தன் தின்னா
பங்காளிதான், சந்தேகமே இல்ல" என்றான்.

செத்தால் அவற்றுக்குப் பிணம் கிடையாது.
புரதம் போய்விடும், மரபுச்சரடு அறுந்து கரையும்.
மேல்தோலின் கொழுப்பு மட்டும் சேற்றில் கிடக்கும்,
காரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தாலும்
கை விடாத ஒரு பிணைப்போடு.
நம் எண்ணெய்க்கு அந்த வீம்பு இல்லை.
காரம் பட்டால் சவர்க்காரம்.
வார நாளெல்லாம் எனக்கு அதுதான் வேலை:
ஆலை ஆய்வறையில்
சொட்டுச் சொட்டாய்க் காரம் விட்டு
இளஞ்சிவப்பு வரும்வரை எண்ணெயின் புளிப்பை அளப்பது.
ஷிப்டுக்கு இருபது குடுவை.
சனிக்கிழமை தெலுக் இந்தான் போய், பஸ் மாறி,
கோலாலம்பூரில் சேற்றோடு.

வரைபடம் வந்தது.
நான் தேடிய ஆர்க்கியால் ஓர் ஓரத்தில் ஒல்லியாய் நின்றது.
அதைக் குட்டையாக்கிக்கொண்டு நடுவில் ஒரு சிகரம்.
பதினாறு கரி. பால்மிட்டிக்.
பனையைப் பார்த்து வைத்த பெயர்.

டாக்டர் ரொஹைசா கேட்டார்: வெற்றுக் குப்பியை ஓட்டினாயா?

ஓட்டினேன்.
சேறு போடாத குப்பி,
கரைப்பான் மட்டும் வந்துபோன குப்பி.
அதிலும் அதே சிகரம்.
பக்கத்தில் ஸ்குவாலீன். அது விரல்.

கையுறைக்குள் போவதற்கு முன்பே கை எங்கேயோ போய்வந்திருந்தது.
என் முடியில் இருந்தது, பையின் வாரில் இருந்தது,
பஸ் கம்பியைப் பிடித்தபோதும் இருந்தது.
இரண்டு வருடம், ஒரு கப்பல், இத்தனை பேர் சம்பளம்,
கடலடியில் போய் நான் கண்டுபிடித்தது
எங்கள் ஆலையை.

கண்ணாடியை எல்லாம் இரவு முழுக்க நானூற்றைம்பது டிகிரியில் சுட்டேன்.
விடுதித் தோழியின் சட்டையைப் போட்டுக்கொண்டு
மறுபடி ஓட்டினேன்.
சிகரம் சிறுத்தது. போகவில்லை.

பிறகு கரியை நிறுத்துப் பார்த்தார்கள்.
மீத்தேன் தின்ற உடம்பின் கரி நம்ப முடியாத லேசு:
ஆயிரத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு குறைவு.
பால்மிட்டிக், வெறும் முப்பத்தொன்று.
வெயிலில் நின்ற மரத்தின் எடை அது.
"இது கடல்," என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினார் டாக்டர்.
மற்றதைக் காட்டி, "இது நீ."

அட்டவணையில் அதற்கும் ஒரு வரிசை உண்டு.
என்னை எழுதி,
ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் என்னைக் கழித்தேன்.

திங்கட்கிழமை, குளத்தங்கரை.
"பங்காளி கெடச்சானா?"
கிடைத்தான். நானும் கூட இருந்தேன், கழித்துவிட்டார்கள்.
"எவ்ளோ?"
மூன்று மைக்ரோகிராம்.
பாய் வீங்கியிருந்தது. வால்வை நோக்கி நடந்துகொண்டே
லோகா கணக்குப் போட்டான்:
"சொக்சோவுக்குப் புடிக்கிறத விடக் கம்மிதான்."